பிழையின் வேர் காணல்

மக்கள் ஆக்கிய பொருள்களுள் பழுதுறாதது யாதொன்றும் இல்லை. வண்டியின் அச்சு முறிகிறது. கிணற்றின் கப்பி தேய்கிறது. கடிகாரத்தின் வில் தளர்கிறது. இவற்றின் பழுது கண்ணுக்குப் புலனாவது, கைக்கு எட்டுவது. முறிந்த அச்சைக் கண்ட தச்சன், முறிவு எங்கே என்று தேடி அலைவதில்லை. கணினியின் பழுதோ பெரும்பாலும் அத்தகையதன்று. உள்ளே உடைந்த பொருள் ஒன்றும் காணப்படாமலே அது நின்றுவிடும். எவரும் ஒன்றும் செய்யாமலே மீண்டும் ஓடும். ஆதலின் அதன் பழுதைக் கண்ணால் தேடுவதினும் கருத்தால் தேடுவதே முறை. அம்முறையை ஓர் எளிய விளையாட்டைக் கொண்டே அறியலாம்.

ஒரு மாணவன் தேர்வு முடிந்த விடுமுறையில் மடிக்கணினியைக் கட்டில் மெத்தையின்மேல் வைத்து விளையாடுகிறான் என்க. பல நாள் முயன்று, பகைவர் கோட்டையின் கடைசி வாயிலை அடையும் நிலையில் இருக்கிறான். திடீரென்று திரையிலுள்ள வீரர்கள் சிலைகள்போல் நின்றுவிடுகின்றனர். ஒலி ஒரே சுரத்தில் இழுபடுகிறது. எவ்விசையை அழுத்தினும் பயன் இல்லை. சினங்கொண்ட அவன் மின்விசையை அழுத்திக் கணினியை நிறுத்துகிறான். மீண்டும் தொடங்குகிறான்; அரைமணி நேரத்தில் விளையாட்டு மீண்டும் நின்றுவிடுகிறது. கணினியைப் பழிக்கிறான், விளையாட்டை ஆக்கியோரைப் பழிக்கிறான். பின்னர், நண்பர் பலர் பலவாறு கூறியவற்றையெல்லாம் ஒரே மாலையில் செய்து முடிக்கிறான். படத்தின் தெளிவைக் குறைக்கிறான். சில நிரல்களை நீக்குகிறான். சிலவற்றைப் புதிதாக இடுகிறான். நச்சுநிரல் காப்பை நிறுத்துகிறான். முன்பின் அறியாத இணையதளம் ஒன்றிலிருந்து, பழுது நீக்கும் என்று சொல்லப்பட்ட கோப்பு ஒன்றையும் கொணர்ந்து சேர்க்கிறான். மறுநாள் விளையாட்டு முன்போலவே நிற்கிறது. அத்துடன் ஒலியும் அற்றுப்போகிறது. புதிய பழுது ஐந்து மாற்றங்களுள் எதனால் வந்தது என்பதை அவன் அறியான்.

அவனுக்கு மூத்த தமக்கை ஒருத்தி உண்டு. அவள் கணினியியல் பயில்பவள். “தம்பி, நேற்றுவரை உன்னிடம் ஒரு பழுது இருந்தது. இன்று இரண்டு இருக்கின்றன. முதலில் நீ செய்த ஐந்து மாற்றங்களையும் நீக்கிவிட்டு, பழைய நிலைக்கு வா. பிறகு தேடுவோம்” என்றாள். அவ்வாறே செய்ய, ஒலி திரும்பியது. பழைய பழுது மட்டும் எஞ்சியது. அறிவார்ந்த தேடலுக்கு முதற்படி இதுவே.

விளையாட்டு ஒன்று நிகழும்போது கணினியினுள் பல உறுப்புகள் ஒருங்கே உழைக்கின்றன. செயலி கட்டளைகளை நிறைவேற்றுகிறது. ரேம் என வழங்கும் நினைவகம், அவ்வப்போது வேண்டும் செய்திகளை ஏந்தி நிற்கிறது. சேமிப்பு வட்டு, மின்சாரம் அற்ற பின்னும் அவற்றைக் காத்து வைக்கிறது. வரைகலைச் செயலி திரைக்குரிய படங்களைத் தீட்டுகிறது. டிரைவர் எனப்படும் நிரல், அவ்வரைகலைச் செயலிக்கு மொழிபெயர்ப்பாளன்போல் நின்று கட்டளைகளை உரைக்கிறது. இவை அனைத்திற்கும் இடமும் நேரமும் பகிர்ந்தளிக்கும் தலைமை, இயக்குதளம் என்னும் நிரலுக்கு உரியது. நொடிக்கு 60 படங்களைக் காட்டும் விளையாட்டில், ஒரு படத்தைத் தீட்டக் கிடைக்கும் காலம் ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கே. அச்சிறு காலத்தினுள் பகைவர் நகர்வு, ஒளி, நிழல், ஒலி ஆகிய அனைத்தும் கணக்கிடப்படுகின்றன. கடிதம் எழுதும்போது பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் கணினி, விளையாட்டின்போது தன் முழு வலிமையையும் செலுத்துகிறது. மறைந்து கிடந்த பல குறைகள் விளையாட்டின்போதே வெளிப்படுவதற்குக் காரணம் இதுவே. சமவெளியில் நன்றாகச் செல்லும் பழைய வண்டி மலையேற்றத்தில் தன் குறையைக் காட்டுவது போன்றது இது.

விளையாட்டு நிற்பதிலும் வகை உண்டு. உறைதல் வேறு; முறிதல் வேறு. திரை அப்படியே நிலைத்து, நிரல் மேற்செல்லாது நிற்பது உறைதல். முடிவே இல்லாத சுழற்சி ஒன்றில் நிரல் சிக்கிக்கொள்வதால் அது நேரலாம். அல்லது இரு பணிகள் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்பதாலும் நேரலாம். குறுகிய பாலத்தில் எதிரெதிரே வந்த இரண்டு வண்டிகளுள் எதுவும் பின்வாங்காவிடில், இரண்டும் அங்கேயே நிற்குமன்றோ? முறிதலாவது, விளையாட்டு மறைந்து முகப்புத் திரை தோன்றுவது. தனக்கு அளிக்கப்படாத நினைவக இடத்தில் ஒரு நிரல் கைவைக்க முயலுமாயின், இயக்குதளம் பிற நிரல்களைக் காக்கும்பொருட்டு அதனை உடனே நிறுத்திவிடுகிறது. ஆகவே முறிதல் சில வேளைகளில் காவலின் அடையாளமே ஆகும். இவ்விரண்டும் அன்றி, கணினி முழுவதும் திடீரென அணைந்துபோவதும் உண்டு. அப்போது வெப்பத்தையோ மின்வழங்கியையோ முதலில் ஐயுறுதல் தகும்.

பழுதைத் தேடுவோர் அடுத்துச் செய்ய வேண்டுவது குறிப்பெழுதுதல். கணினி வரலாற்றில் இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ‘மார்க் இரண்டு’ என்னும் பெரிய கணிப்பொறியை ஆய்ந்தவர்கள், அதன் மின்தொடுப்பான் ஒன்றினுள் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருப்பதைக் கண்டனர். அவர்கள் அதனை எடுத்து எறிந்துவிடவில்லை. நாட்குறிப்பேட்டில் நேரத்தோடு குறித்து, அப்பூச்சியையும் அப்பக்கத்திலேயே ஒட்டி வைத்தனர். பழுதுக்குப் ‘பூச்சி’ என்று பெயரிடும் ஆங்கில வழக்கு அதற்கு முன்னரே இருந்தது. ஆயினும் மெய்யான பூச்சியே பழுதுக்குக் காரணமாய் அகப்பட்டதைக் காட்டும் அக்குறிப்பேடு, இன்று அமெரிக்கத் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தின் உடைமையாய் உள்ளது.

தமக்கையின் சொற்படி மாணவனும் ஒரு குறிப்பேடு தொடங்கினான். விளையாட்டைத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், நின்ற இடம், நின்ற விதம், அறையின் நிலை ஆகியவற்றை நான்கு நாள் எழுதினான். அக்குறிப்புகள் பேசத் தொடங்கின. காலையில் ஒரு மணிக்கும் மேல் ஓடிய விளையாட்டு, நண்பகலில் இருபது நிமிடத்தில் நின்றது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றது. பெரிய விளையாட்டு வேறொன்றும் அவ்வாறே நின்றது. கடிதம் எழுதும் நிரலோ ஒருபோதும் நிற்கவில்லை.

இக்குறிப்புகளைப் படிக்க அறிதல் வேண்டும். ஒரே விளையாட்டு, ஒரே இடத்தில், எப்போதும் நிற்குமாயின், அதன் கோப்பு ஒன்று கெட்டிருக்கலாம். அல்லது அதனை ஆக்கியோர் பிழை செய்திருக்கலாம். பெரிய விளையாட்டுகள் யாவும் நிற்குமாயின், வெப்பம், டிரைவர், மின்வழங்கி ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். எளிய வேலையிலும் கணினி நிற்குமாயின், நினைவகத்தையோ வட்டையோ இயக்குதளத்தையோ ஐயுறுதல் வேண்டும். தொடங்கிச் சிறிது நேரம் சென்ற பின்னரே நிற்பதற்கு இரண்டு காரணங்கள் சிறப்பாக உண்டு. ஒன்று, வெப்பம் மிகுதல். மற்றொன்று, விளையாட்டு தான் வாங்கிய நினைவக இடத்தைத் திருப்பித் தராது மேன்மேலும் வாங்கிக்கொண்டே போதல். இவ்விரண்டனையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. விளையாட்டை மூடி உடனே திறக்க, அது மீண்டும் நெடுநேரம் ஓடுமாயின், பெரும்பாலும் நினைவகமே காரணம். மூடியபோது எல்லா இடமும் திரும்பிவிட்டது. உடனே திறந்தபோது முன்னினும் விரைவில் நிற்குமாயின், வெப்பத்தையே ஐயுறுதல் வேண்டும். சூடேறிய பொருள் ஒரு நொடியில் ஆறுவதில்லை.

மாணவன் அவ்வாறு செய்து பார்த்தான். உடனே திறந்த விளையாட்டு ஐந்து நிமிடத்திலேயே நின்றது. செயலிகள் பல, ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தம் விரைவைக் குறைக்கும். மேலும் வெப்பம் ஏறினால் கணினியையே அணைத்துவிடும். ஏனைய உறுப்புகளும் மிகு வெப்பத்தில் தடுமாறும். மடிக்கணினிகள் பலவற்றில் காற்றை உள்ளிழுக்கும் வழி அடிப்புறத்தில் அமைந்திருக்கிறது. மெத்தையோ அவ்வழியை அடைத்துக்கொண்டிருந்தது. “இப்போது ஒன்றை மட்டும் மாற்று” என்றாள் தமக்கை. அவன் கணினியை மரமேசைக்கு மாற்றினான், வேறொன்றையும் தொடவில்லை. அன்று நண்பகலில் விளையாட்டு ஐம்பது நிமிடம் ஓடியது. காரணம் பாதி விளங்கிற்று. அதன்பின், பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்று, உள்ளிருந்த விசிறியில் படிந்த தூசியை நீக்கச் செய்தனர். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஆகியும் விளையாட்டு நிற்கவில்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும் என்னும் விதி காலத்தை வீணாக்குவதுபோல் தோன்றும். உண்மையில் காலத்தை மீட்பதே அவ்விதி. ஐயத்திற்கு உரியவை மிகப் பலவாயின், பாதியாகப் பிரித்துத் தேடும் முறை கைகொடுக்கும். ஒரு விளையாட்டோடு பிறர் ஆக்கிய 32 சேர்க்கைகள் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று பழுதுடையது என்க. ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பின் 31 சோதனைகள்வரை வேண்டியிருக்கலாம். பதினாறை நீக்கிப் பார்த்தால், பழுது நீங்கியதா நீங்கவில்லையா என்பதைக் கொண்டு அது எந்தப் பாதியில் உள்ளதென அறியலாம். அப்பாதியை மீண்டும் பிரித்து எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று எனக் குறைத்துச் செல்ல, ஐந்தே சோதனைகளில் குற்றவாளி அகப்படும். ஒவ்வொரு சோதனையும் ஒரு வினாவிற்குத் திட்டமான விடை தருமாறு அமைய வேண்டும் என்பதே இதன் கருத்து.

சில பழுதுகள் விளையாடுவோர் கையில் இல்லை, நிரலிலேயே பிறந்தவை. 1980ஆம் ஆண்டு சப்பானிய நாட்டு நாம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘பாக்-மேன்’ விளையாட்டு உலகெங்கும் புகழ்பெற்றது. அதில் சுற்றின் எண்ணைக் காத்துவைக்க எட்டு இருமவிலக்க இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. எட்டு இடங்களில் 0 முதல் 255 வரையுள்ள எண்களையே எழுத இயலும். ஐந்து இலக்கமுடைய தூரமானி 99999ஐக் கடந்ததும் 00000 ஆவதுபோல, 255உடன் ஒன்று கூட்டினால் அங்கே சுழியமே விளையும். 256ஆம் சுற்றில், திரையின் அடியில் எத்தனை கனிகளை வரைவது எனக் கணக்கிடும் பகுதி இவ்வாறு ஏமாந்தது. ஏழுக்கு மேல் வரையலாகாத இடத்தில் 256 முறை வரைந்தது. திரையின் வலப்பாதி எழுத்துகளும் உருவங்களும் கலந்த குழப்பமாயிற்று. உண்ண வேண்டிய புள்ளிகள் போதிய அளவு இல்லாமையால், எத்துணைத் திறமையுடையோரும் அச்சுற்றை முடித்து மேற்செல்ல இயலவில்லை. இத்தகைய பிழையை விளையாடுவோன் தீர்க்க இயலாது. தெளிவாக எடுத்துரைக்க இயலும். என்ன செய்தபோது நேர்ந்தது, எது நிகழுமென எதிர்பார்க்கப்பட்டது, எது நிகழ்ந்தது, கணினி எத்தகையது, மீண்டும் செய்தால் மீண்டும் நேருகிறதா என்பவற்றை ஒழுங்காக எழுதி ஆக்கியோர்க்கு அனுப்புதல் வேண்டும். ‘விளையாட்டு கெட்டுவிட்டது’ என்னும் நூறு முறையீடுகளைவிட, இவ்வாறு எழுதிய ஒரு முறையீடு பயன் மிக்கது.

விளையாட்டில் கற்ற இம்முறை விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. 1997ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள், ‘பாத்ஃபைண்டர்’ என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாய்க் கோளில் இறங்கியது. சில நாள்களில், அதன் கணினி தானே நின்று தானே மீண்டும் தொடங்கலாயிற்று. அவ்வாறு நேர்ந்தபோதெல்லாம் அன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளைக்குத் தள்ளிப்போயின. அக்கணினியைக் கையால் தொட்டுப் பார்க்க எவராலும் இயலாது. பூமியிலிருந்து அனுப்பும் கட்டளை ஒளியின் விரைவில் சென்றும், அங்குச் சேரப் பத்து நிமிடத்திற்கு மேல் ஆகும்.

பொறியியலார் கண்மூடி எதையும் மாற்றவில்லை. கலத்தினுள் இருந்ததை ஒத்த மற்றொரு கணினியைப் பூமியில் இயக்கி, ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பதிவு செய்து, அதே பழுது அங்கேயும் நேரும்வரை காத்திருந்தனர். நேர்ந்தது, பதிவில் காரணமும் வெளிப்பட்டது. ஓர் அலுவலகத்தில் பொதுப்பேழைக்குத் திறவுகோல் ஒன்றே உண்டு என்க. கடைநிலை ஊழியன் அதனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறு குறிப்பு எழுதுகிறான். தலைமை அலுவலர் அத்திறவுகோலுக்காகக் காத்திருக்கிறார். அவ்வேளையில் இடைநிலை எழுத்தர் வந்து, கடைநிலை ஊழியனை விலக்கி நிறுத்திவிட்டுத் தம் நீண்ட வேலையைத் தொடங்குகிறார். இடையே வந்தவரால் தலைமைப் பணி முடங்குகிறது. விண்கலத்தில் வானிலைச் செய்தி திரட்டும் பணி கடைநிலையிலும், செய்திகள் செல்லும் பொதுவழியை ஆளும் பணி தலைமைநிலையிலும் இருந்தன. தலைமைப் பணி குறித்த நேரத்தில் முடியாமையைக் கண்ட காவல் அமைப்பு, கணினியை மீண்டும் தொடங்கச் செய்தது. திறவுகோலை வைத்திருக்கும்வரை கடைநிலைப் பணிக்குத் தலைமையின் உரிமையை அளித்தால் இடையூறு நீங்கும். அதற்குரிய சிறு மாற்றத்தைப் பூமியிலிருந்தே அனுப்பினர், பழுது தீர்ந்தது. அக்கலம் 1997 செப்டம்பர்த் திங்களின் இறுதிவரை செய்தி அனுப்பியது.

இங்கு மறைக்கலாகாத ஒன்றும் உண்டு. கலம் புறப்படும் முன்னரே, சோதனையின்போது அப்பழுது தலைகாட்டியிருந்தது. மீண்டும் வரவழைக்க இயலாமையால் அதன் காரணம் அப்போது காணப்படவில்லை. தானே மறைந்த பழுது தீர்ந்த பழுது அன்று. மீண்டும் வரக் காலம் பார்த்திருப்பதே அது.

மாணவனும் இவ்வுண்மையைத் தன் அளவில் உணர நேர்ந்தது. வெப்பம் தணிந்து விளையாட்டு நன்றாக ஓடிய பின்னர், ஒருநாள் கோட்டையின் கடைசி வாயிலை அடைந்தான். விளையாட்டு முறிந்தது. மீண்டும் சென்றான், அதே வாயிலில் மீண்டும் முறிந்தது. இம்முறை அவன் மேசையைத் தட்டவில்லை, குறிப்பேட்டை எடுத்தான். ஒரே இடம், ஒரே விதம், குறுகிய நேரம். ஆகவே இது வெப்பம் அன்று என்று எழுதினான். புதிதாக விளையாட்டைத் தொடங்கிப் பார்த்தான், நிற்கவில்லை. சில நாள்களுக்கு முன் காத்துவைத்த பழைய நிலையைத் திறந்து, அங்கிருந்து விளையாடி அதே வாயிலை அடைந்தான், வாயில் திறந்தது. கெட்டிருந்தது விளையாட்டு அன்று. அவன் கடைசியாகக் காத்துவைத்த கோப்பே. கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது மின்விசையை அழுத்தி நிறுத்தினால் அது அரைகுறையாய் நின்றுவிடக்கூடும் என்று தமக்கை விளக்கினாள். முதல்நாள் சினத்தில் செய்த செயல் அவனுக்கு நினைவு வந்தது. அதன் விலை மூன்று நாள் உழைப்பு.

மருத்துவன் முதலில் நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தைக் கண்டு, அதன் பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்று திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்தினார். உடலுக்குக் கூறிய அம்முறை பொறிக்கும் பொருந்துகிறது. இன்று மருத்துவமனைக் கருவிகளும் தொடர்வண்டிக் கைகாட்டிகளும் கணினி நிரல்களால் இயங்குகின்றன. அவை நின்றுபோகும் நாளில், பொறியைப் பழிப்போரால் பயன் இல்லை. பழுதை உள்ளவாறு குறித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, காரணம் காணும்வரை பொறுத்திருப்போரே அன்று வேண்டப்படுவர். அப்பொறுமையைப் பழகும் முதற்களம், விடுமுறை நாளில் நின்றுபோன ஒரு விளையாட்டாகவும் இருக்கலாம்.